எல்ஜிபி பித்தளைத் தண்டவாளம்: தோட்டத்தில் மீட்டர்கேஜ் லைனும் லோகோ ஷெட்டும் போட

எல்ஜிபி என்பது தோட்டத்திலும் ஓட்டக்கூடிய பெரிய மாடல் ரயில் பிராண்டு. 45 மி.மீ. கேஜ் (இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி), 1:22.5 அளவு. 45ஐ 22.5ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1012 மி.மீ. அதாவது மீட்டர்கேஜ். 1968இல் ஜெர்மனியின் நூரம்பெர்க்கிலிருந்து லேமான் நிறுவனம் எல்ஜிபியைக் கொண்டுவந்தபோது அதன் மனதில் இருந்தது ஐரோப்பிய மலை ரயில்கள். ஆனால் விழுப்புரம், திருச்சி, மேட்டுப்பாளையம் என்று மீட்டர்கேஜில் ஓடிய நம் நீராவி இன்ஜின்களுக்கும் இதே கணக்கு பொருந்துகிறது. 2007 முதல் இந்த பிராண்டு மார்க்லின் கையில் இருக்கிறது.

தண்டவாளத்தின் தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. கெட்டிப் பித்தளை, 8.4 மி.மீ. உயரம். மழையில் கிடந்தாலும் துரு ஏறாது. தவறிக் கால் வைத்தாலும் வளையாது. ஸ்லீப்பர்கள் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைகள்) வெயில் தாங்கும் பிளாஸ்டிக். தோற்றத்தில்தான் ஒரு சமரசம்: 8.4 மி.மீ.யை 22.5ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 19 செ.மீ. வருகிறது. உண்மையான 60 பவுண்ட் (கெஜத்துக்கு 60 பவுண்ட் எடையுள்ள) மீட்டர்கேஜ் தண்டவாளம் சுமார் 11 செ.மீ.தான். ஸ்லீப்பரின் மேல்மட்டம் வரை ஜல்லியை நிரப்பிவிட்டால் இந்தத் தடிமன் கண்ணை உறுத்தாது. ஒரு மழைக்காலம் போனால் மஞ்சள் பளபளப்பும் பழுப்பாகிவிடும்.

பணம் வீணாவது வளைவில்தான். தொடக்கப் பெட்டிகளில் வருவது ஆர்1 வளைவு: 600 மி.மீ. ஆரம், 12 துண்டுகள் சேர்ந்தால் ஒரு வட்டம். சிறிய இடத்தில் அடங்குகிறது என்பதற்காக இதை மெயின் லைனுக்கு வாங்காதீர்கள். மூன்று, நான்கு ஜோடிச் சக்கரங்கள் ஒரே பிரேமில் இறுக்கமாக இருக்கும் நீராவி இன்ஜின் இதில் உராய்ந்து திணறும். நீளமான பெட்டிகளின் ஓரமும் வளைவுக்கு வெளியே துருத்தும். ஆர்3 (1195 மி.மீ., வட்டத்துக்கு 16 துண்டு) குறைந்தபட்சம். இடமிருந்தால் ஆர்5: 2320 மி.மீ., 24 துண்டு. நீலகிரி மலை ரயிலின் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் சுமார் 100 மீட்டர். அதை அப்படியே சுருக்கினால் 4.4 மீட்டர். ஆர்5கூட அதில் பாதிதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வளைவைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து வெயில். பித்தளை ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.019 மி.மீ. விரிகிறது. விடியற்காலை 25 டிகிரியில் இருக்கும் தண்டவாளம் மத்தியானம் 60ஐத் தொட்டால், 10 மீட்டர் நேர் லைன் ஆறரை மி.மீ. நீளும். இரண்டு முனையையும் சிமெண்டில் பதித்துவிட்டால் லைன் பாம்பாக நெளிந்துவிடும். அதனால் தளத்தில் ஆணி அடிக்கவே கூடாது. ஜல்லிப் படுக்கையில் மிதக்க விட வேண்டும். கூடவே வரும் பிஷ்பிளேட்டுகள் (துண்டுகளை இணைக்கும் தகடுகள்) விரிவுக்கு இடம் கொடுக்கும், ஆனால் நாளடைவில் தளர்ந்து மின்தொடர்பு விட்டுப்போகும். மின்சாரத்தில் ஓட்டுபவர்கள் இணைப்புகளுக்குத் திருகு கிளாம்ப் போட்டு, நீளமான நேர் பகுதிகளில் மட்டும் சில இடங்களில் நகரும் இணைப்பும் குறுக்கே ஒயரும் விடுவது நல்லது.

படுக்கைக்கு 20 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம் தோண்டி, களை தடுப்புத் துணி விரித்து, கீழே முக்கால் ஜல்லி, மேலே மூன்று செ.மீ. கனத்துக்கு 6 எம்எம் சிப்ஸ் கல். எம்-சாண்ட் வேண்டாம், முதல் கனமழையிலேயே அரித்துக்கொண்டு போய்விடும். கூழாங்கல்லும் வேண்டாம்: உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடிக்காமல் நழுவும், லைன் சாயும். ஏற்றம் 50க்கு 1, அதாவது மீட்டருக்கு 2 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் ஏற, எல்ஜிபி தனியே விற்கும் பல்பட்டையும் (லைனின் நடுவே பதிக்கும், இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பட்டை) அதற்கேற்ற இன்ஜினும் வேண்டும். கல்லாறு–குன்னூர் ஏற்றத்தைப் போட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நீலகிரியில் இருப்பது பற்கள் முன்பின்னாக அமைந்த இரட்டைப் பட்டை. இது ஒற்றைப் பட்டை. ஓடும், ஆனால் அச்சு அசல் அல்ல.

ஷெட் யார்டில் மட்டும் ஆர்1 பாயிண்டுகளை (லைன் இரண்டாகப் பிரியும் துண்டுகளை) மன்னிக்கலாம், அங்கே இன்ஜின் ஊர்ந்துதான் போகும். ஆனால் அவற்றின் கிராசிங் (இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடம்) பிளாஸ்டிக். சின்ன இன்ஜின் மெதுவாகப் போனால் மின்சாரம் கிடைக்காமல் அங்கேயே நின்றுவிடும். பாயிண்டில் வண்டி தடம் இறங்கினால் முதலில் நாக்குக்கும் (பாயிண்டில் நகரும் கூர்முனைத் தண்டவாளம்) பக்கத்துத் தண்டவாளத்துக்கும் இடையே ஒரு சிப்ஸ் கல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான். பாயிண்டைச் சுற்றி ஜல்லியை ஒரு விரற்கடை தாழ்த்திவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

ஷெட்டில் பக்கத்துப் பக்கத்து லைன்களுக்கு மையத்திலிருந்து மையம் 18 செ.மீ. விடுங்கள், கை நுழைய வேண்டும். சாம்பல் குழி (இன்ஜினின் சாம்பலைக் கொட்ட லைனுக்கு அடியில் உள்ள பள்ளம்) கட்டும்போது ஸ்லீப்பரின் நடுப்பகுதியை அறுத்து எடுத்து, ஓரத் துண்டுகளை இருபுறச் சிமெண்ட் திட்டில் பதிக்க வேண்டும். சிமெண்ட் இறுகும் வரை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 45 மி.மீ. மரக்கட்டை இருக்கட்டும். கேஜ் அதிகம் விரிந்துவிட்டால் சக்கரம் உள்ளே விழும். குழியின் ஆழம் மூன்றரை செ.மீ. போதும், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை அவசியம். டர்ன்டேபிளுக்கு (இன்ஜினைத் திருப்பும் சுழல்மேடை) இடம் ஒதுக்கும்போது நம் மீட்டர்கேஜில் ஓடிய ஒய்பி நீராவி இன்ஜினை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்: டெண்டரோடு (பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர் வண்டி) சுமார் 19 மீட்டர், அதாவது மாடலில் 85 செ.மீ. அந்த நீளத்துக்கு நாமே செய்துகொள்வதுதான் வழி.

உண்மையான நீராவியில் ஓடும் இன்ஜின்களுக்கு இந்தத் தண்டவாளம் இன்னும் பொருத்தம். மின்சாரம் வேண்டாம், தேய்த்துத் துடைக்கும் வேலையும் இல்லை. எண்ணெய் பிசுக்கை மட்டும் துணியால் எடுத்தால் போதும். லைனில் மின்சாரம் இருந்தால் ஒன்றைச் சரிபாருங்கள்: பல நீராவி இன்ஜின்களின் சக்கரங்கள் மின்காப்பு இல்லாதவை. அப்படியே வைத்தால் ஷார்ட் ஆகும். பவரை அணைத்துவிட்டே வையுங்கள்.

முதல் தடவை வாங்குபவர்களுக்கு: ஆர்3 வளைவு 16, 600 மி.மீ. நேர்த்துண்டு 8, ஆர்3 பாயிண்ட் ஒன்று. இதற்கு 2.8 மீட்டர் அகலமும் 5.2 மீட்டர் நீளமும் உள்ள இடம் வேண்டும். ஷெட் லைன்களை அந்தப் பாயிண்டிலிருந்து பிறகு நீட்டிக்கொள்ளலாம்.