சியெனாவுக்குக் காரில் போகிறவர்கள் கவனத்துக்கு: மின் பலகையில் 'அத்தீவோ' என்று எரிந்தால் உள்ளே நுழையாதீர்கள்

இத்தாலியில், ஃபுளோரன்ஸில் வாடகைக் கார் எடுத்து, சியெனாவில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று திட்டம் போடுகிறவர்கள், அறை பதிவு செய்வதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள். அனுமதியில்லாமல் பழைய ஊருக்குள் காரில் நுழைந்ததற்கு, ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராத நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு படித்துப் பயனில்லை.

மாட்டிக்கொண்டவர்கள் சொல்வது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். பழைய ஊரின் மதிலுக்கு உள்ளே ஓட்டலில் அறை போடுகிறார்கள். "காரில் வரலாமா?" என்று கேட்டால், "தாராளமாக வாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வருகிறது. மேப் காட்டிய வழியே வாசல் வரை போய்ப் பெட்டியை இறக்குகிறார்கள். தடுப்புக் கம்பி கிடையாது, போலீஸ் கிடையாது, யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மறுநாள் வெளியே சுற்றிவிட்டு அதே வழியில் திரும்புகிறார்கள். ஒவ்வொரு முறை நுழையும்போதும் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துவிடுகிறது. பல முறை நுழைந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட அபராதம் வரலாம்.

இத்தாலியின் பழைய ஊர்களில் நடுப்பகுதி 'ஸோனா அ திராஃபிகோ லிமிதாதோ', அதாவது அனுமதி பெற்ற வண்டி மட்டும் நுழையக்கூடிய பகுதி. இசட்.டி.எல். என்று சுருக்கிச் சொல்வார்கள். சியெனா 1960களிலேயே நகர நடுவில் காருக்குத் தடை போட்ட ஊர். நுழைவாயிலில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை இருக்கும். கீழே நேரம் எழுதியிருக்கும். குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் படம் இருந்தால் அது வேலை நாள், சனிக்கிழமையும் அதில் சேரும். சிலுவைப் படம் ஞாயிறும் விடுமுறை நாளும். மின் பலகை உள்ள ஊர்களில்தான் ஆள் அதிகமாக ஏமாறுகிறார்கள். 'வார்கோ அத்தீவோ' என்று எரிந்தால், வாயில் திறந்திருக்கிறது என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். கேமரா வேலை செய்கிறது, நுழையாதே என்பதுதான் அதற்கு அர்த்தம். 'நோன் அத்தீவோ' என்று இருந்தால்தான் போகலாம். மேப் காட்டிய வழியில்தான் போனேன் என்று சொன்னால் எடுபடாது.

ஓட்டல்காரர் பொய் சொல்கிறார் என்றும் சொல்லிவிட முடியாது. விருந்தினர் வண்டிக்கு அனுமதி வாங்கித் தர அவரால் முடியும். ஆனால் அதற்கு வண்டி நம்பர் வேண்டும். வாடகைக் காரின் நம்பர் சாவி கைக்கு வரும் நேரத்தில்தான் நமக்கே தெரியும். அவர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. ஆகவே கவுண்டரை விட்டு நகரும் முன்பே நம்பரையும் வந்து சேரும் நேரத்தையும் மெயிலில் அனுப்புங்கள். "பதிவு செய்துவிட்டோம்" என்று எழுத்தில் பதில் வரும் வரை ஊருக்குள் நுழையாதீர்கள். எந்த வாயில், எந்தத் தெரு, எத்தனை முறை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்த அனுமதி பெட்டி இறக்க மட்டும்தான். நிறுத்தி வைக்கவோ நினைத்தபோது வந்து போகவோ அல்ல.

பணம் போகும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் வாடகை கம்பெனி உங்கள் கிரெடிட் கார்டிலிருந்து நோட்டீஸ் ஒன்றுக்கு 30 முதல் 60 யூரோ வரை எடுத்துக்கொள்ளும். அபராதம் கட்டியாயிற்று என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது அபராதமே இல்லை. உங்கள் பெயர், முகவரியை நகராட்சிக்குக் கொடுத்ததற்கான கட்டணம். உண்மையான அபராதம் தபாலில் தனியாக வரும்: 80 யூரோவுக்கு மேல், தபால் செலவு வேறு. வெளிநாட்டவருக்கு நோட்டீஸ் அனுப்ப 360 நாள் கெடு இருப்பதால், பயணத்தையே மறந்துபோன நேரத்தில்தான் வந்து நிற்கும். கையில் கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி. 60 நாள் தாண்டினால் தொகை வெகுவாக ஏறிவிடும். முறையிட வேண்டுமானால் 'ப்ரெஃபெத்தோ' என்ற அரசு அதிகாரியிடம் 60 நாளுக்குள், அல்லது சிறு வழக்குகளை விசாரிக்கும் சமாதான நீதிபதியிடம் 30 நாளுக்குள். பணத்தைக் கட்டிவிட்டால் முறையிடும் உரிமை போய்விடும். ப்ரெஃபெத்தோவிடம் செலவில்லை, ஆனால் தோற்றால் அபராதம் இரட்டிப்பாகும். ஓட்டலின் மெயில் கையில் இல்லாமல் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

சியெனாவுக்கு மட்டும் போவதென்றால் காரே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. ஃபுளோரன்ஸிலிருந்து விரைவு பஸ் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் பழைய ஊரின் விளிம்பிலேயே இறக்கிவிடும். ரயில் ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷன் மலையடிவாரத்தில் இருக்கிறது, எதிரே உள்ள வணிக வளாகத்திலிருந்து எஸ்கலேட்டர் வரிசையாக மேலே ஏற்றிவிடும். ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் மெஷினில் முத்திரை குத்துங்கள். குத்தாவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம்.

கியாந்தி திராட்சைத் தோட்டங்கள் பக்கம் போகக் கார் தேவை என்றால், சாந்தா கதெரீனா பார்க்கிங்கில் மதிலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். அங்கிருந்தும் எஸ்கலேட்டர் இருக்கிறது, ஏறினால் பேராலயம் பக்கம் போய்ச் சேரலாம். தெருவில் நிறுத்தினால் கோட்டின் நிறத்தைப் பாருங்கள்: நீலம் கட்டணம், வெள்ளை இலவசம், மஞ்சள் தனி அனுமதி உள்ளவர்களுக்கு. புதன்கிழமை கோட்டையைச் சுற்றிச் சந்தை கூடும், அன்று அந்தப் பக்கம் வேண்டாம். ஜூலை 2, ஆகஸ்ட் 16 பாலியோ குதிரைப் பந்தயம். அதையொட்டிய நாட்களில் அறை வாடகையும் ஏறும், தெருக்களும் அடைபடும். இந்திய லைசென்ஸுடன் ஓட்டுகிறவர்கள் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.

தெரியாமல் ஏற்கெனவே நுழைந்துவிட்டீர்களா? நேராக ஓட்டல் வரவேற்பு மேசைக்குப் போய், நுழைந்த நேரத்தையும் வண்டி நம்பரையும் எழுதிக் கொடுத்து உடனே பதிவு செய்யச் சொல்லுங்கள். சில ஊர்களில் நுழைந்த சில மணி நேரத்துக்குள் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். மறுநாள் வரை தள்ளிப்போடாதீர்கள்.