பற்றவைப்பதா, ஒட்டுவதா: ஒரு பழைய டீசல் இன்ஜின் கிட்

ஈயச் சொம்பில் ரசம் வைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒயிட்மெட்டலைப் பற்றி அதிகம் விளக்க வேண்டாம். சொம்புக்குள் புளித்தண்ணீர் இருக்கும்வரை அடுப்பு அதை ஒன்றும் செய்யாது. வெறும் சொம்பை ஏற்றிவிட்டுப் பெருங்காயம் தேடப் போனால் சொம்பு போயே போச்சு. மாடல் ரயில் கிட்டில் வரும் ஒயிட்மெட்டலுக்கும் அதே குணம்தான். வெள்ளீயம், காரீயம், கொஞ்சம் ஆன்டிமனி கலந்து வார்த்த உலோகம். கலவையைப் பொறுத்து 200 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும். சாதாரண சால்டரிங் அயனின் முனையோ 350 டிகிரி வரை போகும். அதனால்தான் இந்தக் கிட்டைப் பிரித்து மேஜையில் பரப்பியதும் முதல் கேள்வி: பாகங்களைப் பற்றவைப்பதா, பசை போட்டு ஒட்டுவதா?

என் மேஜையில் இருப்பது எல்.எம்.எஸ். (லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ்) என்ற பிரிட்டிஷ் ரயில்வே கம்பெனியின் 10000-ஆம் எண் இன்ஜினின் மாடல். பிரிட்டனின் முதல் மெயின்லைன் டீசல் எலெக்ட்ரிக் இன்ஜின் அது. ஐவாட் தலைமைப் பொறியாளராக இருந்தபோது டெர்பி பணிமனையில் கட்டி, 1947 டிசம்பரில் வெளியே வந்தது. உள்ளே இங்கிலிஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 16 சிலிண்டர் டீசல், 1600 குதிரைத்திறன். 1948 ஜனவரி 1-ல் ரயில்வேக்கள் எல்லாம் அரசுடைமை ஆகப்போகின்றன. அதற்குள் தன் பெயரோடு இன்ஜினை வெளியே விட வேண்டும் என்று எல்.எம்.எஸ். கம்பெனி அவசரப்பட்டது. பக்கவாட்டில் அந்த மூன்று எழுத்துகளையும் பெயின்டால் எழுதாமல் உலோகத்தில் செய்து பொருத்தியிருந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ஜோடி இன்ஜின் 10001-க்கு அந்த எழுத்துகள் இல்லை. இரண்டுமே பின்னாளில் உடைக்கப்பட்டுவிட்டன. ஒன்றையாவது மியூசியத்தில் வைத்திருந்தால் நேரில் போய் அளந்து பார்த்திருக்கலாம். இப்போது பழைய போட்டோக்களும் வரைபடங்களும்தான் கதி.

இதே இன்ஜினை பாக்மன் என்ற மாடல் ரயில் கம்பெனி தயார் மாடலாகவே விற்றிருக்கிறதே, எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். ஓடினால் போதும் என்பவர்கள் அதையே வாங்கலாம், தப்பே இல்லை. எனக்கு ராவுகிற சத்தம் வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு கட்சி பித்தளைத் தகட்டுக் கிட் கட்டுகிறவர்கள். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்கிற பழமொழி இவர்களுக்காகவே சொன்னது போல இருக்கும். இந்த இன்ஜினின் பக்கவாட்டுக் காற்றுச் சல்லடைகளைப் பொறுத்தவரை அவர்கள் இளிப்பதில் நியாயம் உண்டு. அமிலத்தால் அரித்து எடுத்த தகட்டின் கூர்மை வார்ப்பில் வரவே வராது. ஆனால் 10000-க்கு இரண்டு முனையிலும் மூக்கு இருக்கிறது. இரண்டு திசையிலும் வளைந்து உருண்ட மூக்கு. தகட்டை அப்படி வளைப்பது வித்தை தெரிந்தவர் வேலை. வார்ப்பில் அது ஒரே கட்டியாக, வளைவு கெடாமல் வந்துவிடுகிறது. மூக்கு சரியில்லாத 10000 மூளியாகத்தான் தெரியும். அதனால் நான் ஈயத்தின் பக்கம்.

சரி, இணைப்புக்கு வருவோம்.

ஃபெவிக்விக் மாதிரியான சூப்பர் குளூவைத்தான் பலரும் முதலில் எடுக்கிறார்கள். சில நொடியில் பிடித்துவிடும், சூடு வேண்டாம். ஆனால் அந்தப் பிடிப்பு கண்ணாடி மாதிரி. இழுத்தால் தாங்கும், தட்டினால் விட்டுவிடும். நிஜத்தின் ஓர் அடியை 4 மி.மீ. ஆக்கும் ஸ்கேலில் இந்த இன்ஜின் கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம் வரும். முழுக்க உலோகம் என்பதால் கையில் எடுத்தால் செங்கல்தான். அந்தக் கனத்தோடு மேஜையில் சற்று வேகமாக வைத்தாலே மூலை பிளந்துகொள்ளும். சின்னக் கைப்பிடி, விளக்கு இதற்கெல்லாம் சரி. உடலைச் சேர்க்க வேண்டாம்.

இரண்டு குழாயைக் கலந்து போடும் எபாக்ஸி பசையான அரால்டைட் அப்படியில்லை. ஐந்து நிமிடத்தில் இறுகுவதை விட்டுவிட்டு, ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் வகையை வாங்குங்கள். மெதுவாக இறுகுவதால் கூரையையும் பக்கங்களையும் நிதானமாக நேர் பார்த்து, ரப்பர் பேண்ட் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். உலோகத்தை முதலில் சுரண்டிப் பளபளப்பாக்கிக்கொண்டால் பிடிப்பு பல வருஷம் நிற்கும். குறை ஒன்று: பிதுங்கிய பசை ராவும்போது உலோகத்தோடு ஒன்றாகத் தேயாது, பெயின்ட் அடித்த பிறகு மூட்டு கோடாகத் தெரியும். இன்னொன்று பின்னால்தான் தெரியவரும். பெயின்ட் பிடிக்காமல் போய் அதை உரிக்கும் திரவத்தில் இன்ஜினை ஊறப்போட்டால், பெயின்ட்டோடு பசையும் கழன்றுவிடும்.

மூன்றாவது, 70 டிகிரியில் உருகும் சால்டர், அதாவது உருக்கிப் பற்றவைக்கும் உலோகம். பிஸ்மத் என்ற உலோகம் நிறையச் சேர்ந்த கலவை அது. பலவற்றில் நச்சு உலோகமான காட்மியமும் உண்டு, ஆகவே ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் வேலை. காரீயமும் இருப்பதால் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடக்கூடாது. அயன் வெப்பம் கட்டுப்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். முனையை ஒரு கழிவுத் துண்டில் வைத்துப் பாருங்கள்; சால்டர் ஓட வேண்டும், துண்டு அப்படியே இருக்க வேண்டும். மூட்டில் பாஸ்பாரிக் அமில ஃப்ளக்ஸை (உலோகத்தைச் சுத்தமாக்கிச் சால்டரை ஓடவைக்கும் திரவம்) தாராளமாகத் தடவி, முனையில் ஒரு சொட்டு சால்டரை ஏந்திக் கொண்டுபோய்த் தொட்டால் 'சுர்' என்று சத்தம் வந்து விளிம்பு முழுக்க ஓடிவிடும். ஓடியதும் அயனை எடுத்துவிட வேண்டும். நான் ஒருமுறை இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே என்று பிடித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் கேபின் மூலை கண்ணெதிரே வழிந்து போனது. பேராசை, வேறென்ன.

ஆனாலும் நான் சால்டரையே சொல்வதற்குக் காரணம், அது தப்பை மன்னிக்கும். உடல் கோணலாகிவிட்டதா? கொதிக்கும் தண்ணீரில் இறக்குங்கள். தண்ணீர் 100 டிகிரி, சால்டர் 70. வார்ப்புக்கு ஒன்றும் ஆகாது. மூட்டுகள் மட்டும் இளகிப் பாகம் பாகமாகப் பிரிந்துவரும். அந்தப் பாத்திரத்தை மட்டும் மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். இடைவெளி இருந்தால் சால்டரையே நிரப்பி ராவலாம். பக்கத்து உலோகத்தைப் போலவே தேய்வதால் மூட்டு இருந்த இடமே தெரியாது. அரத்தில் ஈயம் அடைத்துக்கொள்ளும், முன்கூட்டியே சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அடைப்பு குறையும்.

பித்தளைச் சேஸிஸோடு (அடிச்சட்டத்தோடு) வார்ப்பைச் சேர்க்கும் இடத்தில் 70 டிகிரி சால்டர் பித்தளையில் ஒட்டாது. முதலில் பித்தளை மேல் சாதாரண சால்டரை மெல்லப் பூச வேண்டும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற மாதிரி. அதன் மேல் இது பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் எல்லாவற்றையும் பற்றவைத்துவிடலாமா என்றால், போகியில், அதாவது இன்ஜினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் வண்டியில், கூடாது. இந்த இன்ஜினுக்குப் போகிக்கு மூன்று அச்சு, மொத்தம் ஆறு. இரண்டு தண்டவாளத்திலும் எதிரெதிர் மின்சாரம் ஓடுகிறது. வளைவில் நடு அச்சு பக்கவாட்டில் நகர்ந்து, சக்கரம் உலோகப் போகிச் சட்டத்தை உரசினால் ஷார்ட் சர்க்யூட்தான். இங்கே அரால்டைட்டின் பலவீனமே பலம்: அது மின்சாரத்தைக் கடத்தாது. சட்டத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவே மெல்லிய தாள் ஒன்றை வைத்து, இரண்டு பக்கமும் பசை தடவி ஒட்டினேன். இதுவரை பொறி பறக்கவில்லை.

உடல் முழுக்க சால்டர், போகிச் சட்டத்துக்கு அரால்டைட், கைப்பிடிகளுக்கு மட்டும் ஃபெவிக்விக் என்று வேலை முக்கால்வாசி முடிந்திருக்கிறது. அந்த மூன்று எழுத்துகள் மட்டும் தனித்தகட்டில் அப்படியே கிடக்கின்றன. அதற்கு அயன் பக்கமே போகக்கூடாது, கொஞ்சம் வார்னிஷ் தொட்டு வைத்தாலே நிற்கும். வைக்கத்தான் மனம் வரவில்லை. வைக்காமல் எண்ணை மாற்றினால் 10001 ஆகிவிடும், 10000-க்கு இன்னொரு கிட் வாங்க ஒரு சாக்கும் கிடைக்கும்.