எட்வர்ட்ஸ் வழியா, சுபாஷ் முகோபாத்யாய் வழியா?

சோதனைக் குழாய்க் குழந்தை (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கி, கருப்பையில் வைத்துப் பிறக்கும் குழந்தை) என்றாலே இங்கிலாந்தின் ராபர்ட் எட்வர்ட்ஸ்தான் நினைவுக்கு வருவார். அவர் முயற்சியில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தது 1978 ஜூலை 25. அதே ஆண்டு அக்டோபர் 3-இல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் ‘துர்கா’ பிறந்தாள்.

எட்வர்ட்ஸ் குழு, பல முட்டைகளை முதிரவைக்கும் ஹார்மோன் ஊசியைக் கைவிட்டு, இயற்கையாக முதிர்ந்த ஒற்றை முட்டையை லேப்ராஸ்கோப் (வயிற்றில் சிறு துளையிட்டு நுழைக்கும் கருவி) மூலம் எடுத்து, உருவான கருவைச் சில நாட்களிலேயே கருப்பையில் வைத்தது. சுபாஷ் நேர் எதிர்: ஊசி போட்டுப் பல முட்டைகளை எடுத்தார், கருவை உறையவைத்தார், வேறொரு மாதச் சுழற்சியில் வைத்தார். இன்று கருத்தரிப்பு மையங்களில் சர்வசாதாரணமாக நடப்பது இதுதான், அதனால் என் ஓட்டு இவருக்கு.

எட்வர்ட்ஸுக்கும் 1971-இல் அரசு நிதி மறுக்கப்பட்டது, ஆனாலும் 2010-இல் நோபல் வந்தது. சுபாஷையோ மாநில அரசுக் குழு நம்பவில்லை. அப்புறம், கொடுமையைப் பாருங்கள், கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூனில் தற்கொலை செய்துகொண்டார். இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தைக்கான பெருமையை 1986 முதல் பெற்றிருந்த விஞ்ஞானி ஆனந்த்குமாரே சுபாஷின் குறிப்புகளைப் படித்துவிட்டு, 1997-இல் ‘முதலில் சாதித்தவர் சுபாஷ்தான்’ என்று எழுதினார்.