மாடிப்படி வளைவுகளுக்கு 10 அங்குல பேண்ட்சா: வருஷம் தாண்டிய அனுபவம்

பேண்ட்சா, அதாவது வளையமாகச் சுற்றும் பட்டை பிளேடால் மரம் அறுக்கும் மிஷின், வாங்கப் போனால் மோட்டாரைவிட பிளேடைத்தான் விசாரிக்க வேண்டும். அம்பாசமுத்திரம் வீட்டில் மச்சுக்கு ஏறும் படிக்கு வளைந்த கைப்பிடியும் கீழ்ப்படியின் உருண்ட முனையும் தேக்கில் செய்யவே இதை வாங்கினேன். படி வேலை முடிந்த பிறகும் மிஷினுக்கு வேலை வந்துகொண்டேதான் இருக்கிறது.

கூட வந்தது 12 மில்லிமீட்டர் பிளேடு. சுமார் இரண்டரை அங்குல ஆரத்துக்குக் குறைவாகத் திருப்பினால் அது முறுகி, மரம் கருகும். கைப்பிடி முனைச் சுருளுக்கு 6 மில்லிமீட்டர் பிளேடு போட்டேன்; முக்கால் அங்குல ஆரத்தையும் தாராளமாக எடுக்கிறது. அங்குலத்துக்கு 6 பல் போதும். நெருக்கமான பல் என்றால் வழவழப்பாக அறுக்கும் என்பார்கள். ஒன்றரை அங்குலத் தேக்கில் தூள் போக இடமில்லாமல் சூடேறுவதுதான் மிச்சம். தேக்கில் சிலிக்கா இருப்பதால் கூர் சீக்கிரம் மழுங்கும். என் மிஷினின் நீளத்துக்கு டவுன் கடைகளில் பிளேடு கிடைக்கவில்லை, கூரியரில்தான் வருகிறது. பெரிய குறை இதுதான்.

கையில் பிடித்து அறுக்கும், மேலும் கீழும் ஆடும் பிளேடு உள்ள ஜிக்சா மலிவுதான். ஆனால் கனத்த மரத்தில் அதன் பிளேடு அடியில் ஒதுங்கிவிடும். மேலே கோட்டில் நிற்கும் வெட்டு, கீழே சாய்ந்து கிடக்கும்.

அறுப்பதைவிட இழைப்பதற்குத்தான் நேரம் போகும். கோட்டுக்கு வெளியே 2 மில்லிமீட்டர் விட்டு அறுத்து, உள்வளைவை டிரில் ஸ்டாண்டில் மாட்டிய உப்புத்தாள் உருளையால் எடுக்கிறேன். வெளிவளைவுக்கு இழைப்புளி, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் தள்ள வேண்டும், எதிர்நாரில் போனால் சிராய் பிடுங்கும். சின்னக் கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால் வளைவில் தட்டை விழுகிறது. நெளியும் மெல்லிய பிளைவுட் பட்டையில் தாளை ஒட்டி சொரசொரப்பான 80 நம்பர் தாளில் தொடங்கி 120, 180 என்று நைசுக்கு ஏறுவதே சரி. "கண்ண நம்பாதீய அண்ணாச்சி, உள்ளங்கையால தடவுங்க" என்பார் கூட வேலை பார்த்த ஆசாரி. ராத்திரியில் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். அவர் கை சொன்ன மேடுதான் அங்கேயும் நிழலாக விழுந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் மேசை துருப்பிடிக்கப் பார்க்கும், மெழுகு தேய்த்தால் நிற்கிறது. தேக்குத் தூள் மூக்கை அரிக்கும், மாஸ்க் இல்லாமல் நிற்காதீர்கள்.

நேர்ப்படி மட்டும்தான் என்றால் இந்த மிஷின் தேவையில்லை. செங்கோட்டைப் பக்கம் அறுவை மில்லில் அளவுக்கு அறுத்து வாங்கிவிடலாம்.