தொப்புள் ஹெர்னியா: திறந்து செய்வதா, லேப்ராஸ்கோப்பியா?

பிரசவத்துக்குப் பிறகு தொப்புளில் வரும் ஹெர்னியாவுக்கு, அதாவது வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டை வழியாக உள்ளே இருப்பது வெளியே புடைப்பதற்கு, பொதுவாக இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, தொப்புள் ஓரமாகச் சிறிதாக வெட்டித் திறந்து சரிசெய்வது. மற்றது லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்வது. நான் முதல் வழியில் போனவள். அதனால் என் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் அது ஹெர்னியாதானா என்று தெரிய வேண்டும். வயிற்றின் நடுவே இரண்டு தசைப் பட்டைகள் விலகி, இடையில் உள்ள சவ்வு தளர்ந்து போவதும் பிரசவத்துக்குப் பின் சகஜம். மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கினால் கூரை முகடு மாதிரி நீளமாக எழும்பும். அதில் ஓட்டை இல்லை, குடல் சிக்கிக்கொள்ளாது. ஹெர்னியாவில் ஓட்டை உண்டு. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. நிற்கவைத்து இருமச் சொல்லித் தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதையும் மூச்சை அடக்கி முக்கச் சொல்லி எடுக்க வேண்டும். சும்மா படுத்திருக்கும்போது எடுத்தால் சின்ன ஹெர்னியா கண்ணில் படாமல் போகலாம்.

சரி, எந்த வழி? லேப்ராஸ்கோப்பியைச் சிபாரிசு செய்பவர்கள் ‘சின்னத் துளைதான், சீக்கிரம் எழுந்துவிடலாம்’ என்பார்கள். பெரிய ஹெர்னியாவுக்கு அது நியாயமான பேச்சு. ஆனால் ஓட்டை ஓரிரண்டு சென்டிமீட்டர்தான் என்றால், திறந்து செய்யும்போது விழும் வெட்டும் சிறியதுதானே! லேப்ராஸ்கோப்பியில் வயிற்றில் வேறு இடங்களில் துளை போட வேண்டும், முழு மயக்கமும் தேவை. திறந்து செய்வதை முதுகில் ஊசி போட்டோ, சில சமயம் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தோ முடித்துவிடலாம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது மெஷ், அதாவது ஓட்டையைப் பலப்படுத்த வைக்கும் வலைத்துண்டு, உட்காரும் இடம். வெறும் தையலைவிட மெஷ் வைப்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. 1 முதல் 4 சென்டிமீட்டர் வரையிலான தொப்புள் ஹெர்னியாக்களை வைத்துச் செய்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், தையல் மட்டும் போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத் திரும்பி வந்தது; மெஷ் வைத்தவர்களில் 4 சதவீதம். அதிலும் தசை விலகியிருந்தால் தையல் பிடிக்கும் சவ்வே மெலிந்துபோனது. அதை நம்பித் தையல் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. திறந்து செய்யும்போது இந்த மெஷ்ஷை வயிற்றின் உள்சவ்வுக்கு வெளியே வைக்க முடியும், குடலில் உரசாது. வழக்கமான லேப்ராஸ்கோப்பி முறையில் அது உள்சவ்வைத் தாண்டிக் குடல் பக்கமாக இருக்கும். ஒட்டிக்கொள்ளாத பூச்சு உள்ள மெஷ்தான் போடுவார்கள், இருந்தாலும் ஒட்டும் வாய்ப்பு முற்றிலும் போய்விடாது. அதை ஆணி மாதிரி அடித்து நிறுத்தும் கொக்கிகளும் ஆரம்பத்தில் நன்றாகவே வலிக்கும். உள்சவ்வுக்கு வெளியே மெஷ் வைக்கும் புது லேப்ராஸ்கோப்பி முறைகளும் இருக்கின்றன, ஆனால் அதற்கு அதில் கை பழகிய சர்ஜன் வேண்டும்.

ஓட்டை பெரிதாக இருந்தாலோ, உடல் எடை அதிகமாக இருந்தாலோ லேப்ராஸ்கோப்பிக்கே என் ஓட்டு. காயத்தில் சீழ் பிடிப்பது அதில் குறைவு. சிசேரியன் தழும்பில் வரும் ஹெர்னியா வேறு கதை. எனக்குச் சுகப்பிரசவம், அதனால் அதில் நான் வாய் திறக்க மாட்டேன்.

எப்போது செய்வது? தொந்தரவு தராத ஹெர்னியா என்றால் பிரசவ வயிறு இறுகும்வரை சில மாதம் பொறுப்பதே வழக்கம். அடுத்த குழந்தை எண்ணம் இருந்தால் அதையும் முடித்துவிட்டுச் செய்யச் சொல்வார்கள், ஏனென்றால் இன்னொரு கர்ப்பம் தைத்த இடத்தை மறுபடி இழுக்கும். ஆனால் புடைப்பு கல் மாதிரி இறுகினாலோ, உள்ளே போகாமல் நின்றாலோ, நிறம் மாறினாலோ, வாந்தி வந்தாலோ காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பால் கொடுப்பவர்கள் முன்கூட்டியே சர்ஜனிடமும் மயக்க டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். நன்றாக விழித்துத் தெளிந்ததும் பொதுவாகப் பால் கொடுக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் பிரச்சினையில்லை, கோடீன் வேண்டாம். எந்த வழியில் செய்தாலும் சில வாரம் கனம் தூக்கக் கூடாது என்பார்கள். குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் கொடுக்க வீட்டில் ஓர் ஆள் இருக்கும் மாதமாகப் பார்த்துத் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.