கழிமுகத்துப் பழுப்புப் பாசியை அடையாளம் காண ஐநேச்சுரலிஸ்ட் எப்படி?

கடற்பாசியை அடையாளம் காண எந்தச் செயலி நல்லது என்று கேட்டால், ஏற்றிய படத்தைப் பார்த்துக் கணினியும் மற்ற பயனர்களும் உயிரினத்தின் பெயரைச் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் என்றுதான் சொல்வேன். இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. 2008-ல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கி, 2023 முதல் லாப நோக்கமற்ற தனி அமைப்பாக இயங்குகிறது. ஆனால் பாசி விஷயத்தில் நாம் எப்படிப் படம் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

இங்கிலாந்தின் தேமர் கழிமுகத்தில் வளரும் ஃபூகஸ் செரனாய்டிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் இடத்தில் கல்லைப் பற்றி வளரும் பழுப்புப் பாசி இது, எட்ட நின்று பார்த்தால் பிளாடர் ராக் என்கிற ஃபூகஸ் வெசிகுலோசஸ் மாதிரியே இருக்கும். மேலிருந்து ஒரே ஒரு படம் எடுத்து ஏற்றினால் கணினி என்ன பெயர் சொன்னாலும் அது ஊகம்தான், ஏனென்றால் பார்க்க வேண்டிய எதுவும் அந்தப் படத்தில் இருக்காது.

பிடுங்க வேண்டாம், கல்லில் இருக்கும்போதே ஒரு கிளையை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இலை மெல்லிசாகவும் நடுநரம்பு எடுப்பாகவும் தெரியும். பிளாடர் ராக்கில் பொதுவாக நரம்பின் இருபுறமும் ஜோடி ஜோடியாக இருக்கும் உருண்டைக் காற்றுப்பைகள் இதில் கிடையாது. சிலவற்றில் நரம்பையொட்டி இலை நீளவாக்கில் உப்பியிருக்கும், அதைக் காற்றுப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அப்புறம் நுனி. இனப்பெருக்க நுனிகள் கவைகவையாகப் பிரிந்து, கூராக முடிந்து, விசிறி விரித்தாற்போல் கொத்தாக நிற்கும். ஓரத்தில் ரம்பப் பல் தெரிந்தால் அது ஃபூகஸ் செரேட்டஸ், வேறு இனம்.

ஆக முழுச் செடி, நரம்பு, நுனி என்று மூன்று படமாவது வேண்டும். ஜிபிஎஸ் கட்டாயம் போட்டு வையுங்கள், கடல்வாயிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி வளர்கிறது என்பதே பெரிய துப்பு.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, பெயரை முடிவு செய்வது கணினி மட்டும் இல்லை என்பதுதான். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் பயனர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் பதிவு ஆய்வுத் தரத்துக்கு, அதாவது ஆராய்ச்சிக்குப் பயன்படும் நிலைக்குப் போகும். இன்னொன்று, செரனாய்டிஸும் வெசிகுலோசஸும் கலந்து கலப்பினம் உண்டாவது உண்டு, அந்த மாதிரி இடத்தில் வெறும் ஃபூகஸ் என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளவும் வசதி இருக்கிறது. அதுதான் நேர்மையான பதில்.

குழந்தைகளோடு போகிறவர்கள், கணக்கே தொடங்காமல் உடனே ஒரு பெயர் போதும் என்பவர்கள், இதே அமைப்பின் சீக் செயலியைப் போட்டுக்கொள்ளலாம்.