ஒரே டாக்டரிடம் பல வருடங்கள்: எங்கள் பகுதிக் கிளினிக்கில் கண்டதும் பட்டதும்

ஒரு கிளினிக்கைப் பற்றி முதல் நாளே அபிப்பிராயம் சொல்லிவிடலாம். நாற்காலி வசதியாக இருந்தது, டாக்டர் சிரித்த முகமாகப் பேசினார், சீக்கிரம் வெளியே வந்துவிட்டோம் என்று நாலு வரி எழுதி ஐந்து நட்சத்திரம் போடலாம். காக்கவைத்தார்கள் என்ற கோபத்தில் ஒரே ஒரு நட்சத்திரத்தோடும் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பக்கத்துத் தெரு டாக்டர் நமக்கு எதற்குப் பயன்படுகிறார் என்பது முதல் நாளில் தெரிவதில்லை. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நாங்கள், பிள்ளை என எல்லோரும் பல வருடங்களாக ஒரே டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறோம். அவர் இல்லாத நாட்களில், பல டாக்டர்கள் முறைவைத்துப் பார்க்கும் பெரிய கிளினிக் ஒன்றுக்கும் போயிருக்கிறோம். இரண்டையும் அனுபவித்த பிறகு எழுதுவது இது.

எங்கள் டாக்டரின் இடம் சிறியது. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், டோக்கன் கொடுக்க ஓர் உதவியாளர், அவ்வளவுதான். பளபளப்பு எதுவும் இல்லை. சுவரோரமாக ஓர் இரும்பு அலமாரியில் நோயாளிகளின் கோப்புகள் குடும்பவாரியாக அடுக்கியிருக்கும். அந்த அலமாரிதான் அங்கே விலைமதிப்புள்ள கருவி என்று எனக்குப் புரிந்தது அம்மாவின் இருமலின்போது.

அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையை இருதய மருத்துவர் மாற்றி, எனலாப்ரில் எழுதிக் கொடுத்திருந்தார். சில வாரங்களில் வறட்டு இருமல் தொடங்கியது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. படுத்தால் போதும், தொண்டைக்குள் யாரோ சுரண்டுவதைப் போல ஓயாமல் இருமுவார். எங்கள் டாக்டர் விடுமுறையில் இருந்ததால் பெரிய கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். முதலில் பார்த்தவர் இருமல் மருந்து கொடுத்தார். குறையவில்லை. அடுத்த முறை இருந்தவர் ஆன்டிபயாட்டிக் எழுதினார். அதற்கும் அடுத்தவர் ஒவ்வாமை மாத்திரை கொடுத்து, மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அவர்களில் யாரையும் அலட்சியக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஆளாளுக்கு அன்றைய இருமலைப் பார்த்தார்கள், அன்றைக்கு உரியதைச் செய்தார்கள். தொடர்கதையின் நடுவில் ஒரே ஒரு வாரத்தை மட்டும் படித்தவரால் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

எங்கள் டாக்டர் திரும்பி வந்ததும் அம்மாவின் கோப்பைப் பிரித்தார். ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே இரண்டு பக்கங்களைப் பின்னால் புரட்டி, மாத்திரை மாறிய வரியில் விரலை வைத்தார். "அம்மா, இந்த மாத்திரை ஆரம்பித்ததற்குப் பிறகுதானே இருமல்?" அம்மா யோசித்து ஆமாம் என்றார். பிறகு நெஞ்சையும் முதுகையும் சோதித்துவிட்டு விளக்கினார். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் எல்லாம் ஒரே வகை மருந்துகள். அவை தடுக்கும் நொதிக்கு, உடம்பில் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் வேலையும் உண்டு. அது சிதையாமல் தேங்கினால் சிலருக்கு இப்படி வறட்டு இருமல் வரும். மாத்திரை தொடங்கிய சில நாட்களிலும் வரலாம், மாதக்கணக்கில் கழித்தும் வரலாம். இருமல் மருந்துக்கு அது அடங்காது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரங்களில் போய்விடும், சிலருக்கு மூன்று மாதம்கூட இழுக்கும். இருதய மருத்துவரிடம் எங்கள் முன்னாலேயே தொலைபேசியில் பேசி, லோசார்டான் என்ற வேறு வகை மாத்திரைக்கு மாற்றினார். "நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், மாற்றித்தான் தருகிறேன்" என்று இரண்டு முறை சொன்னார். இருமல் மெல்ல மெல்ல ஓய்ந்தது.

ஒரு மருந்தின் பக்க விளைவைப் புதிய நோயாக எண்ணி, அதற்கு இன்னொரு மருந்து, அதன் விளைவுக்கு மற்றொன்று என்று சங்கிலியாக நீள்வதைப் பவுலா ரோச்சன், ஜெரி குர்விட்ஸ் என்ற மருத்துவர்கள் 1990களிலேயே எழுதி எச்சரித்திருக்கிறார்கள். வயதானவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். சங்கிலியின் முதல் கண்ணி எது என்று பார்க்க, முன்கதை தெரிந்த ஒருவர் வேண்டும்.

தொடர்ந்து ஒரே மருத்துவரைப் பார்ப்பதால் பயன் உண்டா என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஒன்பது நாடுகளில் நடந்த 22 ஆய்வுகளை டெனிஸ் பெரைரா கிரே குழுவினர் தொகுத்து 2018-இல் வெளியிட்டார்கள். அவற்றில் 18 ஆய்வுகளில், ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்த்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. உடல்நிலை மோசமானவர்கள் பல மருத்துவர்களிடம் அலைய நேர்வதால்கூட இந்த வித்தியாசம் வந்திருக்கலாம். காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும், கைராசி என்று நாம் சொல்வதில் பாதி ஞாபகசக்திதான் என்பது என் கட்சி.

அந்த நர்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் இரத்த அழுத்தம் பார்க்கும் விதத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. உள்ளே நுழைந்தவுடன் பட்டையைச் சுற்ற மாட்டார். கழிவறைக்குப் போக வேண்டுமா என்று கேட்பார். முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், பாதம் இரண்டும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் உட்காரவைப்பார். கை மேசைமேல், நெஞ்சின் உயரத்துக்கு இருக்க வேண்டும். சட்டைக் கைக்கு மேல் பட்டை சுற்றுவது கிடையாது. பருமனான கைக்குப் பெரிய பட்டை தனியாக வைத்திருக்கிறார். சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். அப்பா அந்த நேரத்தில்தான் ஊர்க்கதை பேசத் தொடங்குவார். "பேசினால் ஏறும் ஐயா, முடிந்ததும் சொல்லுங்கள்" என்று ஒரே வரியில் அடக்கிவிடுவார். இதெல்லாம் மருத்துவ வழிகாட்டி நெறிகளில் அப்படியே எழுதியிருப்பவைதான். அவசரத்தில் பல இடங்களில் செய்யாமல் விடுகிறார்கள்.

எனக்கு ஒரு முறை அழுத்தம் 140-ஐத் தாண்டிவிட்டது. டாக்டர் உடனே மாத்திரை எழுதிவிடுவார் என்று நினைத்தேன். வீட்டில் ஒரு வாரம், காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை அளந்து குறித்துக்கொண்டு வரச் சொன்னார். டாக்டர் முன்னால் மட்டும் ஏறும் அழுத்தம் பலருக்கு உண்டாம். கிளினிக்கில் 140/90 என்பது எல்லையானால், வீட்டு அளவுக்கு 135/85 எல்லை. என் வீட்டு அளவுகள் அதற்குக் கீழேயே இருந்தன. மாத்திரை வரவில்லை, உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு சொற்பொழிவு வந்தது.

பிள்ளையின் சளிக் காய்ச்சலுக்கும் இதே போக்குதான். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது என்று சொல்லி, காய்ச்சல் மருந்தை மட்டும் எடைக்குத் தக்கபடி எழுதினார். இதில் எனக்குப் பிடித்தது, வெறுங்கையோடு அனுப்பாமல் எப்போது திரும்ப வர வேண்டும் என்று சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தது: மூச்சு வேகமாக வாங்கினால், விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுத்தால், தண்ணீர் குடிக்க மறுத்தால், சிறுநீர் குறைந்தால், துவண்டு கிடந்தால் காத்திருக்கக் கூடாது. வேறொரு முறை காதில் சீழ் வடிந்தபோது அவரே ஆன்டிபயாட்டிக் எழுதி, சொன்ன நாள் வரை நிறுத்தாமல் கொடுக்கச் சொன்னார். காத்திருக்கும் கூடத்தில் இவரை 'ஊசி போடாத டாக்டர்' என்று குறையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். போட்டுக்கொள்ள விரும்புகிறவர்கள் இரண்டாவது தடவை வருவதில்லை.

இனி குறைகள். வரவேற்பு மேசை ஒரு தண்டனை. டோக்கன் எண்ணுக்கும் உள்ளே போகும் வரிசைக்கும் சம்பந்தம் இருக்காது. தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் "நேரில் வாருங்கள்" என்பார்கள். அதைவிட மோசம், அந்தரங்கம் என்ற ஒன்றே அங்கே கிடையாது. உதவியாளர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, "உங்கள் சர்க்கரை ரிப்போர்ட் வந்துவிட்டது, அதிகமாக இருக்கிறது!" என்று கூவுவார். கூடமே திரும்பிப் பார்க்கும். இருமுகிறவர்களும் தள்ளாத வயதினரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருப்பதும் சரியில்லை. இதையெல்லாம் டாக்டரிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். மேசைக்காரர் சில நாட்கள் மெதுவாகப் பேசினார், பிறகு பழைய குருடிதான்.

நன்றாகப் பழகிய டாக்டரிடம் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு கட்டத்தில் எனக்குத் தீராத அசதி. வேலைப்பளு, தூக்கமின்மை என்று டாக்டர் முடிவுகட்டிவிட்டார். என் வேலை, என் வீட்டு நிலவரம் எல்லாம் அவருக்குத் தெரியும், தெரிந்ததே திரையாகிவிட்டது. அவர் ஊரில் இல்லாத ஒரு வாரம் அவருக்குப் பதிலாக வந்த டாக்டர் என்னை முதன்முதலாகப் பார்த்தார். தோல் வறண்டிருப்பதையும் நாடித் துடிப்பு மந்தமாக இருப்பதையும் கவனித்து, முடி கொட்டுகிறதா, குளிர் தாங்கவில்லையா என்று கேட்டு, தைராய்டுக்கான டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு சுரப்புக் குறைவு. எங்கள் டாக்டர் முடிவைப் பார்த்ததும் மழுப்பவில்லை. "நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்" என்றார். அதற்குப் பிறகு, நீண்ட நாள் தொந்தரவு எதுவானாலும் "இதைப் புதிதாகப் பார்த்தால் என்ன நினைப்பீர்கள்?" என்று நானே கேட்டுவிடுகிறேன். அவர் கோபித்துக்கொள்வதில்லை.

பேசவிடும் பொறுமைக்காக அவருக்கு நிறைய மன்னிக்கலாம். நோயாளி வாயைத் திறந்து சராசரியாக 18 விநாடிகளில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று பெக்மன், பிராங்கெல் இருவரும் 1984-இல் கண்டு எழுதினார்கள். நான் கடிகாரம் வைத்துப் பார்த்ததில்லை; ஆனால் எங்கள் டாக்டர், சொல்லி முடித்தபிறகும் "வேறு என்ன?" என்று ஒரு முறை கேட்பார். அப்பா அதற்கும் பிடிகொடுக்காதவர். முழங்கால் வலியைக் காட்டிவிட்டு எழுந்து, கதவுப் பிடியில் கைவைத்தபடி, "மாடி ஏறினால் நெஞ்சை லேசாக இறுக்குகிறது, வயதாகிவிட்டது இல்லையா?" என்றார். டாக்டர் அடுத்த டோக்கனை நிறுத்திவைத்து அவரை மறுபடி உட்காரவைத்தார். ஈசிஜி சரியாகத்தான் இருந்தது. ஓய்வாக இருக்கும்போது எடுத்த ஈசிஜி ஏறும்போது வரும் இறுக்கத்துக்கு நற்சான்றிதழ் ஆகாது என்று சொல்லி, அன்றைக்கே இருதய மருத்துவரிடம் அனுப்பினார்.

கையோடு கொடுத்த கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. இறுக்கம் எப்போது தொடங்கியது, எத்தனை படிகளில் வருகிறது, நின்றால் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசியாக எடுத்த கொழுப்பு, சிறுநீரகப் பரிசோதனை முடிவுகள். கடைசி வரியில், வலிநிவாரணி மாத்திரையைத் தொடரலாமா என்று ஒரு கேள்வி. பெரிய மருத்துவமனையில் அதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே எடுத்த பரிசோதனைகளை மறுபடி எடுக்காமல் நேராக அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். அடைப்பு இருந்தது, சிகிச்சை நடந்தது, அப்பா இப்போது நிதானமாக மாடி ஏறுகிறார். திரும்பி வந்ததும் மருத்துவமனைச் சுருக்கத்தின் நகல் ஒன்றை டாக்டர் கேட்டு வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

நள்ளிரவில் கை முறிந்தாலோ, எக்ஸ்ரேயும் தையலும் ஒரே இடத்தில் வேண்டுமானாலோ பெரிய கிளினிக்தான். அங்கே கணினியில் எல்லாம் பதிவாகிறது, முடிவுகள் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. பதிவானதைப் படிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

எங்கள் டாக்டர் இப்போது மாலை நேரத்தைக் குறைத்துக்கொண்டார். வாரத்தில் பாதி நாட்கள் இளம் டாக்டர் ஒருவர் பார்க்கிறார். அப்பா அரை மனதோடுதான் போனார். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரும்படி அந்த டாக்டர் சொல்லியிருந்தார். மேசைமேல் கொட்டி, அட்டையின் பின்னால் இருந்த சிறிய எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். வேறு வேறு பெயரில் இரண்டு அட்டைகள், இரண்டிலும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல். இரண்டு டாக்டர்கள் எழுதிய ஒரே மருந்தை அப்பா இரட்டிப்பாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஒன்றை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, கோப்பில் தேதி போட்டுக் குறித்தார். எங்கள் கோப்புகளை அந்த அலமாரியிலேயே விட்டுவைப்பது என்று இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறோம். தொலைபேசியை மட்டும் இன்னும் யாரும் எடுப்பதில்லை.